ஒன்பதாம் நம்பர் ஸ்டிக்கும் நாலாவது குழியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஒரு திருட்டு வேலை செய்தேன்.

எங்கள் வீட்டுக்காரரின் கோல்ஃப் பையிலிருந்து மூன்று ஸ்டிக்குகளை உருவி, பழைய துண்டில் சுற்றி, கார் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பின்னால் செருகிவிட்டேன். ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர். அவர் அப்போது வீட்டுக்குள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரு ஷூவுக்கு நாலு நிமிஷம் ஆகிறது. இரண்டு ஷூ. எனக்கு அந்த நேரம் தாராளம்.

எழுபது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறீர்களா? தேவைதான். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் இன்ஜினியராக இருந்தவர். ஒரு பொருளை இங்கிருந்து விட்டால் அது எங்கே போய் விழும் என்று கணக்குப் போடுகிற வேலை. நன்றாகத்தான் போட்டிருப்பார் — இல்லையென்றால் பென்ஷன் கொடுப்பார்களா? ஆனால் நூற்றிருபது கஜ தூரத்தில் இருக்கிற ஒரு குழிக்குப் பந்தை அனுப்பச் சொன்னால், மூன்று வாரமாக அது குளத்தில் போய் விழுகிறது.

ஹைதராபாத்தில் ராமச்சந்திராபுரம் தாண்டி ஒரு சின்ன கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஒன்பது குழிதான். டிவியில் காட்டுகிற மாதிரி பச்சைக் கம்பளமெல்லாம் இல்லை. குழி இருக்கிற வட்டத்தில் புல்லுக்குப் பதிலாக மணல். அதில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து பரப்பி வைத்திருப்பார்கள். பிரௌன் என்று பெயர். பந்தை உருட்டுவதற்கு முன்னால் ஒரு சாக்கை இழுத்து வழியைச் சமம் செய்துகொள்ளலாம். பார்த்தால் கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் தரையைத் துடைக்கிற மாதிரி இருக்கும்.

இந்த மைதானத்தின் நாலாவது குழிதான் வில்லன். மற்ற குழியெல்லாம் நீளம். இது மட்டும் குட்டை. அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் கொடி கைக்கெட்டுகிற மாதிரி தெரியும். நடுவில் கல் உடைத்த பழைய பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இடது பக்கமும் அந்தப் பள்ளம்தான் வளைந்து போகிறது. வலது பக்கம் காய்ந்த புல்லும் ஒரு வேப்பமரமும். பின்னால் ஒரு மண்மேடு.

ஒரே அடி... மணல் வட்டத்தில் பந்து. அப்புறம் இரண்டு உருட்டு. மூன்றில் முடிக்க வேண்டிய குழி.

நீளமான குழியில் எல்லாரும் அடக்கமாக இருக்கிறார்கள். தூரம் என்று பயம். மெதுவாகப் போகலாம் என்று அவர்களுக்கே தோன்றும். குட்டைக் குழி வந்ததும் பாருங்கள் — எழுபத்திரண்டு வயது ஆளுக்குத் திடீரென்று இருபத்திரண்டு வயது ஆகிவிடும். "இதென்ன, இந்தா இருக்கு" என்பார். ஒரே அடியில் குழிக்குள்ளேயே போட வேண்டும் என்று ஆசை வரும். ஆசை வந்தால் தலை தூக்கும். தலை தூக்கினால் பந்து தூங்கும், தண்ணீருக்கடியில்.

சரி, இதில் உனக்கென்ன வந்தது என்பீர்கள்.

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் அவர் வீட்டில் இருந்தார். முழுசாக இருந்தார். காலை, மதியம், சாயங்காலம். முதல் மாதம் மசாலா டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டினார். இரண்டாவது மாதம் குக்கரின் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தார். "ரெண்டாவது விசில் லேட் கமலம், வாஷர மாத்தணும்" என்றார். நானும் நாற்பத்தாறு வருஷமாக வாஷர் மாற்றாத ஆளோடுதான் குடும்பம் நடத்துகிறேன், சொன்னேனா?

சிரிக்கலாம். ஆனால் மூன்றாவது மாதம் அவர் டப்பாக்களை விட்டுவிட்டார். ஸ்டாப்வாட்ச்சையும் விட்டுவிட்டார். பால்கனியில் உட்கார்ந்து எதிர் பில்டிங்கின் தண்ணீர் டாங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். பன்னிரண்டு மணி வரை ஷேவ் செய்ய மாட்டார். சமையலறைக்குள் வந்து தொல்லை கொடுக்க மாட்டாரா என்று நானே ஏங்குகிற அளவுக்கு வந்துவிட்டது நிலைமை.

டாக்டர் விளையாடலாம் என்று சொன்ன அன்றுதான் முகத்தில் ரத்தம் ஓடியது. பையை மட்டும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். வழக்கமாக எங்கள் பையைத் தூக்குகிற ஆள் பட்டான்செருவில் மருந்து கம்பெனி ஷிப்டுக்குப் போய்விட்டார். அதனால் தள்ளுவண்டியில் பையை வைத்து நான் தள்ளுவது என்று முடிவாயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எழுபது வயதில் வேலை கிடைத்தது. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. ஜோராகத்தான் இருந்தேன்.

முதல் ஞாயிறு நாலாவது குழியில் தண்ணீர். இரண்டாவது ஞாயிறு தண்ணீர். மூன்றாவது ஞாயிறு இரண்டு பந்து தண்ணீர்.

அவரோடு எப்போதும் விளையாடுகிறவர் ராமநாதன். அதே ஆபீஸில் அவருக்கு மூன்று வருஷம் ஜூனியர். என்னை அண்ணி என்பார். நல்ல மனிதர்... ஆனால் தன் பந்து தாண்டிவிட்டால், அடுத்தவர் பந்து தாண்டும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க அவருக்குத் தெரியாது.

மூன்றாவது ஞாயிறு பந்து மூழ்கிய வட்டம் தண்ணீரில் பெரிசாகிக்கொண்டே போனதைப் பார்த்து ராமநாதன் சொன்னார்: "சீனியர், மீனுக்குப் பொரி போடுறதா இருந்தா ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடலாமே. பந்து எதுக்கு?"

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பார், பதிலுக்கு ஒன்று சொல்வார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, சிக்னலில் கார் நின்றபோது சொன்னார்: "இன்னும் ஒரு வாரம் பாக்குறேன் கமலம். நாலாவது குழியில மறுபடி தண்ணிக்குள்ள போச்சுன்னா பைய யாருக்காவது குடுத்துடறேன். போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவர் கோபமெல்லாம் குக்கர் விசில் மாதிரி, சத்தம் வந்தால் அடங்கிவிடும். இதை மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்தப் பால்கனி நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

ஆனால் அதற்குள் எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து ஆண்கள் இரண்டு பேரும் டீக்குப் போனபோது, நானும் யாதம்மாவும் ஸ்டிக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். யாதம்மா பதினைந்து வருஷமாக ராமநாதனின் பையைத் தூக்குகிறவள். தமிழ், தெலுங்கு, ஹைதராபாத் இந்தி மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவாள். நான் அவள் துடைத்து வைத்த ஒன்பதாம் நம்பரை எடுத்தேன். எங்கள் ஒன்பதாம் நம்பரையும் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டிலும் ஒன்பது என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் எங்களுடையது மல்லாந்து படுத்திருக்கிறது. அவர்களுடையது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

தோசைக் கரண்டியைப் பிடித்தவளுக்கு இது தெரியாதா? தலை மல்லாந்திருந்தால் பந்து மேலே மேலே போய்ப் பொத்தென்று விழும். நிமிர்ந்திருந்தால் முன்னால் போகும். நம்பர் குறையக் குறையத் தலை நிமிரும், பந்தும் தூரம் போகும். எங்களுடைய ஏழாம் நம்பரை எடுத்து அவர்களுடைய ஒன்பதோடு வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை.

"யாதம்மா, இது என்ன கூத்து?"

"ஹவ் அம்மா, சார்தி கொத்த செட்டு, சாரோடது புதுசு. பொண்ணு அமெரிக்காலருந்து அனுப்புச்சு. புது செட்ல நம்பர் எல்லாம் இப்பிடித்தான்."

"இத எங்க சார்கிட்ட நீ சொல்லலையா?"

"நக்கோ அம்மா, நான் சொல்லமாட்டேன். ரெண்டு சாரும் பெரிய இன்ஜினியர். செப்தே வினரு." சொன்னால் கேட்க மாட்டார்கள் என்றாள். பதினைந்து வருஷ அனுபவம் பேசுகிறது.

இப்போது உங்களுக்குப் புரிகிறதா? நாலாவது குழியில் முதலில் அடிப்பவர் ராமநாதன். எங்கள் வீட்டுக்காரர் எங்கோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, ஓரக்கண்ணால் அவர் எந்த ஸ்டிக்கை எடுக்கிறார் என்று பார்ப்பார். ஒன்பது. உடனே இவரும் ஒன்பது. ஜூனியர் ஒன்பதில் தாண்டும்போது சீனியர் ஏழாம் நம்பரை எடுக்கலாமா? மானம் போகாதா?

அது புது ஒன்பது. இது நாங்கள் ஈ.சி.ஐ.எல். பக்கம் வாடகைக்கு இருந்த அந்தப் பழைய காலத்தில் வாங்கிய ஒன்பது. அந்தத் தோள் வேறு, இந்தத் தோள் வேறு. இரும்பின் மேல் என்ன நம்பர் அடித்திருக்கிறதோ அதை நம்புவது இன்ஜினியர்களுக்குத் தொழில் பழக்கம். பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். கறிவேப்பிலைக் கொத்தைக்கூட இரண்டை எடுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டோம்.

அவரை மட்டும் சொல்லி என்ன... எங்கள் அபார்ட்மெண்டில் சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். "எனக்கு சுகர் நூற்றிருபது, உங்களுக்கு?" "நான் எட்டாயிரம் ஸ்டெப், நீங்க?" முட்டி தேய்ந்தவரும் அந்த எட்டாயிரத்தை எட்ட நொண்டிக்கொண்டே சுற்றுகிறார். நம்பர் ஒன்றாக இருந்தால் உடம்பும் ஒன்று என்று யார் சொன்னது?

நேராகச் சொல்லிவிடலாமே என்றால்... சொல்லிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏங்க, அந்த நாலாவது குழிக்கு ஏழு, ஆறுன்னு எடுத்தா என்ன?"

"ஏழாம் நம்பர்ல நான் நூத்தம்பது கஜம் அடிப்பேன்."

"எப்ப?"

"அடிச்சிருக்கேன்."

"எப்ப அடிச்சீங்க?"

யோசித்தார். "அடிச்சிருக்கேன்" என்றார் மறுபடி.

கல்யாணமான புதிதில் நானும் ஒரே மூச்சில் நாற்பது சப்பாத்தி இட்டிருக்கிறேன். அதை நம்பி இன்று நாற்பது பேரைச் சாப்பிடக் கூப்பிடுவேனா?

ஆக, பேச்சுக்கு வழியில்லை. அதனால்தான் துண்டும் டிக்கியும். இந்தத் தோளுக்கு ஏழும் பத்தாது என்று அதையும் சேர்த்தே எடுத்தேன்.

ஞாயிறு வந்தது. முதல் மூன்று குழியும் நீளம். அதிலெல்லாம் அவருக்கு இப்போது நீள ஸ்டிக்கும், கடைசியில் மணலுக்குப் பக்கத்தில் தட்டிவிடுகிற குட்டி ஸ்டிக்கும்தான் வேலை. நடு நம்பர்களைக் கேட்கவே மாட்டார். மூன்று வாரமாக அதைப் பார்த்து வைத்திருந்தேன். திருட்டு என்றால் சும்மாவா?

நாலாவது குழி. அன்று கொடியை இடது ஓரத்தில், தண்ணீர்க் கரையை ஒட்டி நட்டிருந்தார்கள். பார்த்ததும் ராமநாதனின் கண் விரிந்தது. புது ஒன்பதை எடுத்தார். நேராகக் கொடியைப் பார்த்து அடித்தார். பந்து அழகாகத்தான் போயிற்று... கரையில் இருந்த பாறையில் ஒரு தட்டு தட்டி, திரும்பிப் பள்ளத்துக்குள் குதித்தது.

யாதம்மா பெருமூச்சு விட்டாள். நான் சிரிக்கவில்லை. வாய்க்குள் புடவைத் தலைப்பு இருந்தது.

வீட்டுக்காரர் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை மட்டும் பின்னால் நீட்டினார். "ஒன்பது."

"இல்லையே."

"இல்லையேன்னா?"

"ஏழும் இல்ல, எட்டும் இல்ல. துடைச்சேன்... எங்க வச்சேன்னு தெரியல."

அவர் திரும்பினார். "கமலம், பதினாலு ஸ்டிக். அதுல மூணு காணோங்கறே."

"மூணு போனா பதினொண்ணு இருக்குல்ல. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் கழித்தல் சொல்லிக்குடுத்தாங்க."

ராமநாதனுக்கு மனசு இளகிவிட்டது. "சீனியர், இந்தாங்க, என் ஒன்பதை எடுத்துக்கங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல நேரம், எங்கள் வீட்டுக்காரர் சட்டத்தை மதிக்கிறவர். "அடுத்தவர் ஸ்டிக்கை வாங்கக் கூடாது ராமநாதா. ரூல்" என்றார். அந்த ரூலை எழுதியவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

"ஆறு இருக்கு" என்றேன், அப்போதுதான் பார்த்த மாதிரி.

"ஆறுல அடிச்சா ரொம்பத் தூரம் போயிடும்."

"எங்க போயிடும்?"

"பின்னாடி மேட்டுக்கு."

"மேட்டுல தண்ணி இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல."

"அப்புறம் என்ன? அப்படியே அந்த வேப்பமரத்தப் பாத்து அடிங்க. கொடியப் பாக்காதீங்க."

"மரத்தப் பாத்தா பந்து கொடியவிட்டு முப்பது அடி தள்ளி நிக்கும் கமலம்."

"நிக்கட்டும். நடந்து போய் உருட்டலாம். நீந்திப் போய் உருட்ட முடியாது."

ராமநாதன் வாயைத் திறந்தார். யாதம்மா அவர் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள். நல்லவள்.

வீட்டுக்காரர் ஆறாம் நம்பரை வாங்கிக்கொண்டார். தரையில் ஒரு குட்டிக் குச்சியைக் குத்தி, அதன் மேல் பந்தை நிற்க வைத்தார். முன்பெல்லாம் இரும்பு ஸ்டிக்குக்குக் குச்சி வைப்பது கௌரவக் குறைச்சல் என்று தரையிலேயே வைப்பார். நின்றார். மரத்தைப் பார்த்தார். அவர் கழுத்து ஒரு தரம் கொடிப் பக்கம் திரும்பியது — பழக்கம் லேசில் விடுமா? — மறுபடி மரத்துக்கு வந்தது.

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. விளையாட்டுக்குச் செய்து வைத்துவிட்டேன். இது தண்ணீரில் விழுந்தால் ஸ்டிக்கை ஒளித்து வைத்த நானே அவரைப் பால்கனியில் உட்கார வைத்தவளாக ஆகிவிடுவேன். பந்தை நான் பார்க்கவில்லை. அவர் தோளைத்தான் பார்த்தேன்.

அடித்தார். பெரிய அடி இல்லை. ஆறாம் நம்பர் கையில் இருக்கிற தைரியத்தில் நிதானமாகத்தான் வீசினார். பந்து உயரவேயில்லை. பள்ளத்துக்கு மேலே காக்கா மாதிரி தாழப் பறந்து போனது. மணல் வட்டத்துக்கு முன்னால் வலது பக்கம் காய்ந்த புல்லில் விழுந்தது, ஒரு துள்ளு துள்ளியது, உருண்டு உருண்டு மணலுக்குள் வந்து நின்றது.

தண்ணீர் ராமநாதனின் பாட்டிலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆறா அது?" என்றார் ராமநாதன் கடைசியில்.

"ஆறுதான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். ஆறு என்று சொல்ல அவருக்கு வெட்கமாகவே இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் சாக்கை இழுத்தேன். "நேரா இழு" என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா? ஒரு உருட்டு, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இன்னொரு உருட்டு, உள்ளே. மூன்று. ராமநாதனுக்கு ஆறு. எங்கள் வீட்டுக்காரர் குழியிலிருந்து தன் பந்தை எடுத்துப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அடுத்த குழிக்கு வேறு பந்து கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து பையை வைக்க டிக்கியைத் திறந்தவர், எதற்கோ ஸ்டெப்னிப் பக்கம் குனிந்தார். துண்டைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மைதானத்தில் அப்படி என்னதான் மரங்கள் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டில ஏறு" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம், லீவுக்கு வந்த பேரன் விட்டுப்போன ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து டிகிரி அளக்கிற தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்டிக்காகச் சாய்த்து அளந்தார். ராமநாதனுக்குப் போன் போட்டு அவருடையதையும் அளக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"கமலம், ஒரு விஷயம் கண்டுபிடிச்சிருக்கேன். அவனோட நைனும் என்னோட நைனும் ஒண்ணு இல்ல. ஏழு டிகிரி வித்தியாசம்."

"அப்படியா?"

"நம்பர்தான் ஒண்ணு. ஆங்கிள் வேற. அதனால அவன் எடுக்கறதப் பாத்து நான் எடுக்கக் கூடாது. இதுதான் லாஜிக்."

"அடேயப்பா."

"அப்புறம் இன்னொண்ணு. குட்டைக் குழியில கொடியைக் குறி வைக்கவே கூடாது. எங்க விழுந்தா பரவால்லைன்னு மொதல்ல பாக்கணும். உனக்குப் புரியுதா?"

"நீங்க சொல்லிப் புரியாமப் போகுமா?"

பேப்பரில் படம் வரைந்து காட்டினார். பள்ளம், மேடு, வேப்பமரம் எல்லாம் போட்டிருந்தார். நானும் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பெண்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை: யோசனை உங்களுடையதாக இருக்கலாம், கண்டுபிடிப்பு அவருடையதாக இருக்கட்டும். வேலை சீக்கிரம் நடக்கும்.

இன்று புதன்கிழமை. வாரநாளில்கூடப் பிராக்டீஸ் வேண்டுமாம். காலை ஏழு மணிக்கே கிளம்பிப் போய்விட்டார், ஷேவ் செய்துகொண்டு. பையை இன்று யாதம்மா தள்ளுவாளாம். வீட்டில் என்ன அமைதி தெரியுமா? நான் கேட்டு வாங்கிய அமைதி.

பத்து மணிக்குள் மூன்று தடவை அவருக்குப் போன் செய்துவிட்டேன்... ஸ்டிக் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான், வேறெதற்கு?